தாத்தாவின் தொழில் என்ன என்று கேட்கும் கவிதைப் பட்டறைகள்

கோடை விடுமுறை தொடங்கினால் போதும், எங்கள் வாட்ஸப்புக்கு அழைப்பிதழ்கள் வரத் தொடங்கிவிடும். வேர், விழுது, மரபு, பாட்டி, திண்ணை என்று ஏதாவது ஒரு சொல் தலைப்பில் இருக்கும். குடும்பத்தையும் பாரம்பரியத்தையும் கவிதை வழியாகவும் ஓவியம் வழியாகவும் கண்டடையும் மூன்று நாள் பட்டறை. அனுமதி இலவசம், மதிய உணவு உண்டு. கீழே சிறிய எழுத்தில் பங்கேற்பாளர்கள் கொண்டுவர வேண்டியவை: தாத்தா பாட்டியின் பழைய புகைப்படம் ஒன்று, தலைமுறை தலைமுறையாக வீட்டில் இருந்துவரும் பொருள் ஒன்று, மூன்று தலைமுறையின் பெயரும் தொழிலும் எழுதிய குடும்ப மரம், பூர்வீக வீட்டைப் பற்றிய நினைவு ஒன்று.

நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள், அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் சாதி ரொம்ப சௌகரியமாகக் காலை நீட்டி உட்காரும் இடம் நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் காரியங்கள்தான். அந்தப் பட்டியலை ஒரு சேரிப் பிள்ளையின் கையில் கொடுத்துப் பாருங்கள், தோழர்களே. நான்கு வரிகளும் நான்கு கேள்விகளாக மாறும். அந்தக் கேள்விகள் அவளுக்குப் புதியவை அல்ல. பேருந்தில், வாடகை வீடு தேடும்போது, கல்லூரி விடுதியின் முதல் நாளில், "எந்த ஊரு, ஊர்ல எந்தப் பக்கம், உங்க குலசாமி எது" என்று சிரித்த முகத்தோடு கேட்கப்படுகிற அதே கேள்விகள். இப்போது வண்ணக் காகிதத்தோடும் ஸ்கெட்ச் பேனாவோடும் வருகின்றன.

புகைப்படத்திலிருந்து தொடங்குவோம். நாங்கள் வேலை செய்யும் விழுப்புரம், கடலூர் பக்கத்துச் சேரிகளில் பாட்டிகளின் 'பழைய புகைப்படம்' என்றால் பெரும்பாலும் வாக்காளர் அட்டைதான். அந்த அட்டை 1993இல்தான் வந்தது. பள்ளிக்கூடத்து வராண்டாவில் வரிசையில் நிற்கவைத்து, தலையை நிமிர்த்தச் சொல்லி எடுத்த படம். அரை விரல் அளவுக்குக் கறுப்பாக ஒரு முகம். அந்த முகம் பெரிதாவது ஒரே ஒருமுறை: அவர் இறந்த அன்று, கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையில். கடைக்காரர் அட்டையை ஸ்கேன் செய்து, பின்னணியை மாற்றி, வெள்ளைப் புடவைக்கு ஒரு பட்டுப்புடவை மாட்டிவிடுவார். அந்தப் பிள்ளை அறிந்த பாட்டியின் படம் அதுதான். பாட்டி ஒருநாளும் கட்டாத புடவையில் இருக்கும் பாட்டி. இதில் கவிதை இல்லையா என்றால் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் 'பழைய ஆல்பத்தைப் புரட்டுங்கள், அந்தக் காலத்து வாசனையை எழுதுங்கள்' என்று சொல்லும் பயிற்றுநருக்கு அந்தக் கவிதையைக் கேட்கத் தெரியாது.

அடுத்தது பொருள். மற்றப் பிள்ளைகள் பித்தளைச் செம்பு கொண்டுவருவார்கள், பல்லாங்குழிப் பலகை கொண்டுவருவார்கள், கொள்ளுத்தாத்தாவின் கைக்கடிகாரம் கொண்டுவருவார்கள். எங்கள் பிள்ளைகள் வெறுங்கையோடு வருவது கவனக்குறைவால் அல்ல. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள்மீது 8 தடைகளை விதித்தார்கள். பொன் வெள்ளி நகை கூடாது. ஆண்கள் சட்டை பனியன் போடக்கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது. பெண்கள் மேலுடம்பை மூடக்கூடாது, பூ வைக்கக்கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது. அடுத்த ஆண்டு அவை 11 ஆயின. புதிதாகச் சேர்ந்தவற்றில் பிள்ளைகள் எழுதப்படிக்கக் கூடாது என்பதும், சொந்த நிலத்தை மிராசுதாரருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும் என்பதும் அடக்கம். மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. ஜே.எச். ஹட்டன் இதைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். சமூகவியல் படித்தவர்கள் எல்லோரும் தேர்வுக்காக ஒருமுறையாவது மனப்பாடம் செய்த பக்கம் அது. நூறு ஆண்டுகூட ஆகவில்லை. பித்தளைப் பாத்திரம் வைத்திருந்தால் வீட்டைக் கொளுத்துவோம் என்று சொன்ன ஒரு சமூகம், இன்று பேத்தியைப் பார்த்து உங்கள் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்தைக் கொண்டுவா, கவிதை எழுதலாம் என்கிறது.

மண்பானை உடையும். கீற்றுக் கூரை எரியும், அல்லது மழையில் அழுகும். பூர்வீக வீடு என்று சொல்ல எங்களில் பலருக்கு இருப்பது அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. மேற்கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரியும் வீடு. அதற்கு முன்பு இருந்த குடிசை எந்த இடத்தில் இருந்தது என்று கேட்டால் பெரியவர்கள் கையைக் காட்டுவது இன்று வேறொருவர் பம்புசெட் வைத்திருக்கும் வயலை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் தொடர்ந்து சொல்லிவரும் கணக்கு. அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்காக 1994 அக்டோபரில் காரணையில் நம் தோழர்கள் இருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். பூர்வீகத்தைப் பற்றி எழுது என்று ஒரு பிள்ளையிடம் சொல்பவருக்கு இந்தப் பெயராவது தெரிந்திருக்க வேண்டாமா? காரணை என்ற ஊர்ப்பெயரை எந்த மரபுப் பட்டறையிலும் நாங்கள் கேட்டதில்லை.

எல்லாவற்றையும்விட மோசமானது குடும்ப மரத்தில் பெயருக்குப் பக்கத்தில் வரும் 'தொழில்' என்ற கட்டம். தாத்தா என்ன வேலை செய்தார்? வெட்டியான் வேலை. தோட்டி வேலை. பண்ணையாள். செத்த மாடு தூக்கினார். சாவுக்கு மேளம் அடித்தார். பிள்ளை எதை எழுதினாலும் அது சாதிச் சான்றிதழ். எழுதாமல் விட்டால் அதுவும் சாதிச் சான்றிதழ்தான், வகுப்பில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். 'விவசாயம்' என்று பொய் எழுதிவிட்டு மூன்று நாளும் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்த ஒரு பையனை எங்களுக்குத் தெரியும்.

தாத்தாவின் தொழிலைப் பேரனின் கல்விக்குள் கொண்டுவருவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில் என்றது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதற்குக் குலக்கல்வி என்று சரியான பெயர் வைத்தார்கள், 1954இல் காமராஜர் ஆட்சி அதைக் குப்பையில் போட்டது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு 18 தொழில்களுக்கு விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தபோதும் குடும்பத் தொழில் என்ற நிபந்தனையைச் சுட்டிக்காட்டி தமிழ்நாடு அரசு ஏற்க மறுத்தது. அரசியலில் இவ்வளவு தெளிவாக இருக்கிற நாம், கலை என்று வந்ததும் எப்படி மயங்கிவிடுகிறோம்? கடன் விண்ணப்பத்தில் கேட்டால் குலத்தொழில், கவிதைத் தாளில் கேட்டால் பாரம்பரியமா?

இதில் பாதுகாப்பும் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, ஆசிரியர்கள் சாதியைச் சுட்டிப் பேசக்கூடாது என்று அது வரிசையாகச் சொன்னது. ஒரு பிள்ளையின் சாதி வகுப்பறையில் அம்பலமாவது அந்தப் பிள்ளைக்கு ஆபத்து என்பதுதான் இவற்றின் பொருள். பதிவேட்டிலிருந்து எடுத்ததைச் சார்ட் பேப்பரில் பெரிதாக எழுதி, படம் வரைந்து, சுவரில் ஒட்டுகிறது நம்முடைய குடும்ப மரம். கையில் கயிறு கட்டியவன் மதிய இடைவேளையில் நின்று நிதானமாகப் படித்துவிட்டுப் போவான்.

பண்பாட்டு மூலதனம் என்று பியர் பூர்தியூ சொன்னதை முதுகலை வகுப்பில் நாங்கள் படித்தோம். வீட்டிலிருந்தே வருகிற ரசனை, பேச்சு, புத்தக அலமாரி எல்லாம் பள்ளியில் மதிப்பெண்ணாக மாறும் என்பார். ஆசிரியர் அதைப் பிரான்ஸை வைத்து விளக்கினார். பக்கத்துக் கட்டடத்தில் நடந்துகொண்டிருந்த மரபு விழாவைக் காட்டியே விளக்கியிருக்கலாம்.

இவ்வளவு சொன்னதும் சில நண்பர்கள் குறுக்கே வருவார்கள். "நாங்கள் அப்படிப்பட்ட பட்டறை நடத்துவதில்லை தோழர். எங்களுடையது முற்போக்கான பட்டறை. பிள்ளைகளை அவர்கள் வலியை எழுதச் சொல்கிறோம்." இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான் எங்களுக்கு இன்னும் கோபம்.

முதல் வகையில் எங்கள் பிள்ளைகள் வெறுங்கையோடு ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாவது வகையில் அவர்கள்தான் நட்சத்திரம். துப்புரவு வேலை செய்யும் அம்மாவைப் பற்றி ஒரு பெண் எழுதியிருப்பாள். பயிற்றுநர் கண் கலங்குவார். அந்த இடத்தில் இன்னும் ஆழமாகப் போ, அந்த நாற்றத்தை எழுது, அம்மாவின் கையை எழுது என்பார். கடைசி நாள் மேடையில் அவள் வாசிப்பாள், மாவட்டத்தின் பெரிய மனிதர்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் அந்தக் கவிதை அவள் பெயரோடு, ஊரோடு, முகத்தோடு வந்தது. அவளிடம் கேட்கவில்லை. அவள் அம்மாவிடம் கேட்கவேயில்லை. அந்த அம்மா தான் என்ன வேலைக்குப் போகிறேன் என்பதை மகள் படிக்கும் பள்ளியில் யாருக்கும் தெரியாமல் எட்டு வருடம் காத்துவந்தவர். நிறுவனத்தின் பெயரை எழுதி ஒருவர்மீது பழிபோட நாங்கள் விரும்பவில்லை. இந்தக் காரியத்தை ஒருவர் மட்டும் செய்யவில்லை. அந்தப் பெண்ணின் வரிகளில் ஒன்றைக்கூட இங்கே நாங்கள் எடுத்துப் போடப்போவதில்லை. அவை அவளுடையவை.

மலக்குழிக்குள் மனிதரை இறக்குவதைத் தடுக்க 2013இல் சட்டம் வந்துவிட்டது. மரணங்கள் நிற்கவில்லை. அந்தச் சட்டத்தை அமல்படுத்து என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் முன்னால் நாம் நிற்கும் நாளில், கவிதைக்குக் கண்ணீர் விட்ட பெரிய மனிதர்கள் ஒருவரும் வருவதில்லை. வலி அவர்களுக்கு மேடையில் வேண்டும். மனுவில் வேண்டாம்.

நாட்டுப்பாடல் தொகுப்புகளில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கிறது. நடவு வயலில் நின்றும் இழவு வீட்டில் உட்கார்ந்தும் எங்கள் பாட்டிகள் பாடினார்கள். ஊர்ச் சாவுக்குப் போய் மாரடித்து ஒப்பாரி பாடியது பலருக்கு அவர்கள் விருப்பத்தில் செய்த கலை அல்ல, செய்யாவிட்டால் கூலி கிடைக்காத கடமை. பாட்டுகள் சேகரிக்கப்பட்டன, நூலாயின, பட்டங்களாயின. அட்டையில் தொகுத்தவர் பெயர் இருக்கும். பாடியவர் 'ஒரு மூதாட்டி'. பெயர் கேட்டு எழுதிய தொகுப்பாளர்களும் உண்டு, அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் 'ஒரு மூதாட்டி'யின் பேத்தி இன்று 'ஒரு தலித் சிறுமி'யாக ஆண்டறிக்கையில் நிற்கும்போது, தொழில் இன்னும் மாறவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது.

அப்படியானால் பட்டறையே வேண்டாம் என்கிறீர்களா? எங்கள் கூட்டத்திலேயே அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. பாரம்பரியம் அவர்களுடைய சொல், நமக்கு வரலாறு மட்டும் போதும், உரிமை பேசுவோம், கவிதையை அப்புறம் பார்க்கலாம் என்று வாதிடுகிறார்கள். நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பாரம்பரியத்தை அவர்களிடம் விட்டுக்கொடுக்காத மரபும் நமக்கு உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி என்ன செய்தார்? நீங்கள் சொல்லும் கதையே தவறு, நாங்கள் இந்த மண்ணின் பூர்வ பௌத்தர்கள் என்று வாரா வாரம் எழுதினார். ஆங்கிலேயர் ஒருவரிடம் வேலை பார்த்த தம் பாட்டனார் கந்தப்பன் கொடுத்த ஓலைச்சுவடி வழியாகத்தான் திருக்குறள் எல்லிஸ் துரையின் கைக்குப் போனது என்று அவர் எழுதியதும் ஒரு குடும்பக் கதைதான். அவருடைய எல்லா முடிவுகளையும் ஆய்வாளர்கள் ஏற்கவில்லை, நீங்களும் விவாதியுங்கள். ஆனால் தாத்தாவின் கதையை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எங்களுக்குத் தெரியவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1939இல் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' எழுதினார். 'பறையன்' என்று பத்திரிகைக்குப் பெயர் வைத்தவர், தன் வாழ்க்கையையும் அதே தலைநிமிர்வோடு எழுதி வைத்துவிட்டுப் போனார். சின்னப் புத்தகம். ஒரே மூச்சில் படித்துவிடலாம், படிக்காதவர்கள் இந்த வாரமே படியுங்கள்.

ஆக, குடும்பத்தை எழுதுவது நம்முடைய வேலைதான். கேள்விகளை யார் தயாரிக்கிறார்கள் என்பதில்தான் சண்டை.

எங்கள் மாலைநேர மையங்களில் நாங்கள் நடத்தும் பட்டறையில் முதல் கேள்வி இது: உங்கள் வீட்டில் முதன்முதலில் 'முடியாது' என்று சொன்னவர் யார்? கேட்டதும் பிள்ளைகள் விழிக்கிறார்கள். வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு அடுத்த நாள் வரும்போது கதை கொட்டுகிறது. டீக்கடையில் தனிக் குவளையைத் தூக்கிப் போட்டு உடைத்த சித்தப்பா. பண்ணையார் வீட்டுக் கொல்லைப்புறத்தில் சோறு வாங்கமாட்டேன் என்று பட்டினி கிடந்த பாட்டி. மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தச் சொன்னபோது ஊரைவிட்டே செங்கல் சூளைக்குப் போன அம்மா. இவர்களுக்குப் புகைப்படம் கிடையாது. ஆனால் கதைக்குச் சாட்சிகள் உயிரோடு இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை போய்க் கேட்டது பத்து வீடு தள்ளி.

மறுப்பும் ஒரு மரபு என்று ஏற்றுக்கொண்டால் பல விஷயங்கள் சிக்கலாகும். சிக்கலாகட்டும். பறையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று பறை மேடையேறிவிட்டது, ஐடி ஊழியர்கள் வார இறுதியில் கற்றுக்கொள்கிறார்கள், 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் எத்தனையோ சேரிகளில் நம் தாத்தாக்கள் இனிச் சாவுக்கு அடிக்கமாட்டோம் என்று பறையைக் கிழித்துப் போட்டார்கள், அதற்காக அடியும் வாங்கினார்கள். பேரன் அதே பறையைக் கையில் எடுக்கிறான். யார் சரி? பட்டறையில் ஒரு பையன் பறையை எழுதினான், பக்கத்தில் இருந்தவன் எங்க தாத்தா கிழிச்சதை நீ ஏன்டா ஒட்டுற என்று சண்டைக்குப் போனான். அந்தச் சண்டையை நாங்கள் தீர்த்து வைக்கவில்லை. மாட்டுக்கறியும் அப்படியே. 1927இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் செத்த மாட்டின் கறியை விட்டுவிடுங்கள் என்றார். இன்று உணவு உரிமைக்காக நாம் மாட்டுக்கறித் திருவிழா நடத்துகிறோம். இரண்டும் சுயமரியாதைதான். உப்புக்கண்டம் காயும் கொடியைப் பற்றி எழுதும் பிள்ளைக்கு இந்த இரண்டு பக்கமும் தெரிய வேண்டும். பாரம்பரியம் என்று ஒரே மூட்டையாகக் கட்டித் தந்தால் தெரியாது.

குடும்பத்தையும் சாமியாக்கி வைக்கத் தேவையில்லை. பாமா 1992இல் 'கருக்கு' எழுதினார், 1994இல் 'சங்கதி' எழுதினார். வயலில் ஆண்டையிடமும் வீட்டில் புருஷனிடமும் அடிவாங்கும் நம் பெண்களை அவர் மறைக்கவில்லை. நம் பிள்ளைகளும் அப்பாவின் டாஸ்மாக்கை எழுதுவார்கள், அண்ணனுக்கு முட்டையும் தனக்கு வெறும் குழம்பும் ஊற்றப்பட்டதை எழுதுவார்கள். எழுதட்டும். ஆனால் அதை யார்முன் வாசிப்பது என்பதை எழுதியவளே முடிவு செய்ய வேண்டும். சேரிக்குள் நாம் சண்டையிட்டுக்கொள்ள வேண்டிய விஷயம் ஊர்க்காரர் மேடையில் 'இவர்கள் இப்படித்தான்' என்று மாறிவிடும். இன்னொன்றும் உண்டு. 'கருக்கு' வந்தபோது தன் சொந்த ஊர் மக்களே கோபப்பட்டதைப் பாமா சொல்லியிருக்கிறார். குடும்பக் கதை எழுதுபவருக்கு மட்டும் சொந்தமில்லை. அம்மாவைப் பற்றி எழுதினால் அம்மாவுக்கு முதலில் படித்துக் காட்டு என்பது எங்கள் பட்டறையின் கண்டிப்பான விதி. படிக்கத் தெரியாத அம்மாக்கள் மகள் வாசிக்கக் கேட்டு, அது அப்படியில்லடி என்று திருத்தியதில்தான் பல கவிதைகள் உருப்பட்டன.

வீட்டில் இருக்கும் பழைய பொருள் என்று கேட்காமல், ட்ரங்குப் பெட்டியில் இருக்கும் காகிதங்களைப் பற்றி எழுதச் சொல்கிறோம். நிறைவேறாத பட்டா மனு. பெருவிரல் ரேகை வைத்த கடன் சீட்டு. சாதிச் சான்றிதழ். பத்தாம் வகுப்பில் நின்றுபோன அத்தையின் மாற்றுச் சான்றிதழ். முகவரியில் 'காலனி' என்று அச்சிட்ட ரேஷன் கார்டு. 2025 ஏப்ரலில் அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இனி வரும் பேரப்பிள்ளைக்கு அந்தக் கார்டு மட்டுமே சாட்சி, பத்திரமாக வையுங்கள் என்று சொல்லியிருக்கிறோம்.

இதுவரை நம் பிள்ளைகளைப் பற்றியே பேசினோம். உண்மையில் குடும்பமும் பாரம்பரியமும் என்ற பயிற்சி அதிகம் தேவைப்படுவது ஆல்பம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான். அவர்களை நோக்கி ஏன் கடினமான கேள்வியே வருவதில்லை? உன் கொள்ளுத்தாத்தாவின் படத்தில் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்பவர் யார்? அவர் பெயர் உன் வீட்டில் யாருக்காவது தெரியுமா? உன் பாட்டி வீட்டுத் திண்ணையை எழுதினாயே, அதில் உட்காரக்கூடாதவர்கள் எங்கே நின்றார்கள்? பூர்வீக நிலத்தில் நெல் வாசனை வருகிறது என்கிறாய், நாற்று நட்டது யார், கூலி எத்தனை படி? இந்தக் கேள்விகளோடு ஒரு சாதி இந்துப் பிள்ளை கவிதை எழுதினால் அதைக் கேட்க நாங்கள் முதல் வரிசையில் உட்காருவோம். பட்டறை நடத்துகிறவர்கள் இதைச் செய்யமாட்டார்கள். பெற்றோர் சண்டைக்கு வருவார்கள், மண்டபம் கிடைக்காது, அடுத்த ஆண்டு நிதி வராது. தலித் பிள்ளையின் தாத்தாவைத் தோண்டினால் எந்தப் பெற்றோரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்ற தைரியம்தான் இத்தனை பட்டறைகளுக்கும் அஸ்திவாரம்.

நிதி என்றதும் இன்னொன்று. 2023 பிப்ரவரியில் கவிஞர் சுகிர்தராணி ஒரு விருதை வேண்டாம் என்றார். விழாவின் புரவலராக அதானி நிறுவனம் இருந்ததுதான் காரணம். அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பு, 2021 ஆகஸ்டில், டெல்லி பல்கலைக்கழகம் அவருடைய எழுத்தையும் பாமாவின் எழுத்தையும் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. பாடத்திட்டத்தில் இடமில்லை, விருது மேடையில் இடமுண்டு. அந்த ஏற்பாட்டை அவர் புரிந்துகொண்டு மறுத்தார். பட்டறை மேடையின் பின்னால் தொங்கும் பேனரில் யாருடைய லோகோ இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பிள்ளைகளை அனுப்புங்கள்.

கல்லூரிகளில் தலித் மாணவர் அமைப்புகளில் இருக்கும் தம்பிகளும் தங்கைகளும் எங்களிடம் பட்டறைக்கு ஆள் கேட்கிறீர்கள். வருகிறோம். சில நிபந்தனைகள் உண்டு. குடும்ப மரம் வரையச் சொல்லக்கூடாது. எழுதிய தாள் எழுதியவரிடமே இருக்கும். போட்டோ எடுக்கவோ பதிவேற்றவோ கூடாது. அச்சிட விரும்பினால் பெயர் போடுவதா, புனைபெயரா, ஊர் போடுவதா என்பதை அவரே சொல்வார், பிறகு மனம் மாறினாலும் அவர் சொன்னதே முடிவு. பார்வையாளராக யாரும் வரக்கூடாது. வந்தால் அவரும் தாளை எடுத்துத் தன் தாத்தாவைப் பற்றி எழுத வேண்டும், தொழில் உட்பட, நிலம் உட்பட. போன முறை வந்த பேராசிரியர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு ஃபோன் வந்ததாகச் சொல்லி எழுந்து போனார்.

அப்புறம், நிலாவைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு பிள்ளை சொன்னால் நிலாவைப் பற்றி எழுதட்டும். கிரிக்கெட் என்றால் கிரிக்கெட். காதல் என்றால் இன்னும் நல்லது. எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒருத்தி எங்கள் மையத்தில் நான்கு மாதமாகத் திமிங்கலத்தைப் பற்றி மட்டுமே எழுதிக்கொண்டிருக்கிறாள். கடலூரில் இருந்துகொண்டு இன்னும் கடலுக்குக் கூட்டிப் போகவில்லையே என்று எங்களைக் கேட்டுவிட்டாள். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் வேன் ஏற்பாடு செய்ய வேண்டும். முப்பது பேர் வருகிறார்கள். டீசலுக்குப் பணம் தரக்கூடியவர்கள், லோகோ இல்லாதவர்களாக இருந்தால், சொல்லுங்கள்.